எந்தக் கேள்விக்கு இந்த எண்?



கணக்கு ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் எண்களைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை நம் வீடுகளுக்குள் வரிசையாக வந்து இறங்குகின்றனவே, அந்த எண்களைப் பற்றி. ஜேஇஇ பர்சன்டைல் வரும், பிளஸ் டூ மதிப்பெண் வரும், கட்ஆஃப் வரும், நீட் ஸ்கோர் வரும், பிறகு ரேங்க் வரும். பிள்ளைக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அப்பாவின் சிபில் ஸ்கோர் வரும். பல ஆண்டுகள் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவன் என்பதால், இந்த மாதங்களில் என் வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: “சார், இது நல்ல ஸ்கோரா?”

அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு ஸ்கோரும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு முடிவெடுப்பதற்காகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை. அந்தக் கேள்வி என்ன என்று தெரிந்தால்தான் விடையை நல்லது என்றோ போதாது என்றோ சொல்ல முடியும். கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும்போதுதான் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் துன்பம் நேர்கிறது. இன்று மாலை நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு வாழ்க்கையின் முதல் ஸ்கோர் ஒரு நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிப் பாருங்கள், ‘ஆப்கார் 8/10, 9/10’ என்று இருக்கும். நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா ஆப்கார் என்ற பெண் மருத்துவர் 1953இல் இதை வெளியிட்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். பிறந்த ஒரு நிமிடத்தில் ஒரு முறை, ஐந்து நிமிடத்தில் மறுமுறை. அவர் கேட்ட கேள்வி: இந்தக் குழந்தைக்கு இப்போதே உதவி தேவையா? முதல் நிமிடத்தில் 5 எடுத்த குழந்தை ஐந்தாம் நிமிடத்தில் 9 எடுப்பது சாதாரணம். ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, “பத்துக்கு ஏழுதான் எடுத்திருக்கிறான், மூளை வளர்ச்சியில் குறை வருமா?” என்று தவித்த தாத்தா பாட்டிகளை நான் சந்தித்திருக்கிறேன். அந்த எண் கேட்டது அடுத்த சில நிமிடங்களைப் பற்றி. இருபது வருடத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றை நம் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர். குரோம்பேட்டை, நாகல்கேணி, பம்மல் என்று தோல் பதனிடும் தொழில் பல காலமாக நடந்த பகுதி இது. இந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அதனால் தண்ணீர் என்றாலே நமக்கு ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்கு மருந்தாக வீட்டுக்கு வருகிறார் ஃபில்டர் விற்பவர். பேனா போன்ற ஒரு கருவியை போர் தண்ணீரில் விடுகிறார், 900 காட்டுகிறது. தன் மெஷின் தண்ணீரில் விடுகிறார், 40. முடிந்தது, வீடே அசந்துபோகிறது.

அந்தக் கருவி பார்ப்பது, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. கரைந்த உப்புகள் அதிகம் இருந்தால் அதிகம் பாயும். அதை வைத்து, ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. அதுதான் டிடிஎஸ். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதிப்படி 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம். அதே விதியில் குரோமியத்துக்கு உள்ள வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 900 என்று காட்டும் கருவியில் இந்த 0.05 எங்கே தெரியும்? கிருமியும் அதில் தெரியாது. சாக்கடை கசிந்த தண்ணீர் குறைந்த டிடிஎஸ் காட்டலாம், நன்றாகக் கொதிக்கவைத்த போர் தண்ணீர் 900ஐவிட ஒரு படி கூடவே காட்டலாம். நாம் கேட்டது “குடிக்கலாமா?” என்று. கருவி சொன்னது “உப்பு எவ்வளவு?” என்பதற்கான விடை.

விற்பவர் அடுத்து இரண்டு டம்ளரிலும் உலோகக் கம்பிகளை நட்டு மின்சாரம் கொடுப்பார். நம் தண்ணீர் பழுப்பாகி, மேலே அழுக்கு மிதக்கும். அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாததால் கம்பி கரைவதில்லை. மாணவர்கள் அடுத்த முறை அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு, மறுபடி செய்து காட்டும்படி கேளுங்கள், அதுவும் பழுப்பாகும். குடிக்கலாமா என்ற கேள்விக்கு விடை வேண்டுமென்றால் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, கிருமியையும் குரோமியத்தையும் பெயர் சொல்லிக் கேட்டுப் பார்க்கவைக்க வேண்டும்.

இனி தேர்வுகளுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளை உயர வரிசையில் நிற்கவைப்போம். நாற்பது பேரில் இருபதாவதாக நிற்கும் பிள்ளையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று அந்த இடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பு வரிசையில் ஓர் உயரம், பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் வேறோர் உயரம். பர்சன்டைல் என்பது இப்படிப்பட்ட ஓர் இடம். நூற்றுக்கு இத்தனை என்று நாம் பழகியிருக்கும் சதவீதம், தாளில் எவ்வளவு சரியாக எழுதினீர்கள் என்று சொல்கிறது. பர்சன்டைல், எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் அளவோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று சொல்கிறது. 2019 முதல் ஜேஇஇ மெயின் முடிவு இப்படித்தான், ஏழு தசம இடம் வரை வருகிறது. “என் மகன் 90 எடுத்திருக்கிறான்” என்று மகிழ்ச்சியோடு வரும் தந்தையிடம், 2024இல் அந்தத் தேர்வை 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள், 90 பர்சன்டைல் என்றால் சுமார் 1,40,000 பேர் முன்னால் நிற்கிறார்கள் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் கல்லூரி தேடும் முன் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இளநிலை நீட் தேர்வில் பொதுப் பிரிவினருக்குத் தகுதி வரம்பு 50ஆவது பர்சன்டைல், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. இதை 50 சதவீதம், அதாவது 720க்கு 360 என்று நினைத்துக்கொண்டு படிக்கும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2022இல் அந்த 50ஆவது பர்சன்டைல் 117 மதிப்பெண்ணில் இருந்தது. 2023இல் 137. 2024இல் 162. 2025இல் 144. விதி ஓர் எழுத்தும் மாறவில்லை, மாறியது வினாத்தாளும் எழுதிய கூட்டமும். 144 எடுத்த பிள்ளை 2025இல் ‘நீட் பாஸ்’, அதே பிள்ளை 2024இல் ‘ஃபெயில்’. அப்படி ‘பாஸ்’ ஆனவர்கள் 2024இல் 13 லட்சம் பேர், நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். தகுதி என்ற சொல்லை நம்பி, கேள்விப்படாத ஊரில் இருக்கும் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டும் குடும்பங்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தகுதி வரம்பை மத்திய சுகாதார அமைச்சகம் பூஜ்யம் பர்சன்டைல் என்று குறைத்தது. பூஜ்யம் மதிப்பெண் எடுத்தால் போதுமாம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். பூஜ்யம் பர்சன்டைல் என்றால் தேர்வு எழுதிய எல்லோரும் உள்ளே என்று பொருள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வு ஆகையால், பூஜ்யத்துக்குக் கீழே போனவர்களும் அதில் அடங்குவார்கள். காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவது எப்படி என்பதுதான் அமைச்சகத்தின் முன்னால் இருந்த கேள்வி. இவர் நல்ல மருத்துவராவாரா என்ற கேள்விக்கு அந்த வரம்பு முன்பும் விடை சொல்லவில்லை, குறைத்த பிறகும் சொல்லவில்லை.

ஓர் எண் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தவர்களை ஏமாற்றுவது கடினம். இதற்கு நான் பெருமையோடு சொல்லும் சான்று 2024 ஜூன் மாதம் நடந்தது. நீட் முடிவுகள் வெளியானபோது சிலருக்கு 719, சிலருக்கு 718 என்று இருந்தது. மாணவர்களே அதைக் கையில் எடுத்தார்கள். விடை எழுத வேண்டியவை 180 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழியும். எல்லாம் சரி என்றால் 720. ஒன்றை எழுதாமல் விட்டால் 716. ஒன்று தவறு என்றால் 4 கிடைக்காமல் போய், மேலும் 1 கழிந்து 715. 716க்கும் 720க்கும் நடுவில் எந்த எண்ணும் வர வழியில்லை. அப்படியானால் 719 எங்கிருந்து வந்தது? தேர்வு மையங்களில் நேரம் விரயமானதாகச் சொல்லி 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் தந்திருந்தது தேசியத் தேர்வு முகமை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கருணை மதிப்பெண் ரத்தாகி, அந்த 1,563 பேருக்கும் ஜூன் 23 அன்று மறுதேர்வு வாய்ப்பு தரப்பட்டது. முதலில் 67 பேர் 720 எடுத்ததாக வந்த பட்டியல், இயற்பியல் கேள்வி ஒன்றின் விடையும் திருத்தப்பட்ட பிறகு 17 பேராகச் சுருங்கியது. இத்தனைக்கும் தொடக்கம், நான்கையும் ஒன்றையும் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்த பிள்ளைகள்.

பொறியியல் கலந்தாய்வுக் கட்ஆஃப் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கணிதத்தை அப்படியே நூற்றுக்கு வைத்து, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்ட வேண்டும். கணிதம் 95, இயற்பியல் 88, வேதியியல் 92 என்றால் 95, 44, 46, ஆக 185. நுழைவுத் தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன் செய்யும் முறையும் இருக்கிறது. ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரிய உச்சத்துக்குச் சமமாக வைத்து மற்றவர்களின் மதிப்பெண்களை அதற்கேற்ப உயர்த்துவது. இது எல்லாம் வெளிப்படையான கணக்கு, பாராட்டுகிறேன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், “போன வருஷம் அந்த காலேஜ்ல சிஎஸ்ஸி 186ல முடிஞ்சுது, எனக்கு 185 தான்” என்று பிள்ளை அழும்போது. கல்லூரியின் 186 போன வருடத்துக் கூட்டம் விட்டுச் சென்ற தடம். இந்த வருடம் கணிதத்தில் சென்டம் வாங்கியவர்கள் அதிகமானால் 187 எடுத்தவருக்கும் அது கிடைக்காது. வினாத்தாள் கடினமாக இருந்தால் 182க்கே கிடைக்கும். ஆகவே மதிப்பெண்ணோடு மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். போன ஆண்டு அந்தப் பாடப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்க் என்ன, இந்த ஆண்டு உங்கள் ரேங்க் என்ன என்று பாருங்கள். அதிலும் பொது ரேங்க், சமூகப் பிரிவு ரேங்க், அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டு ரேங்க் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று வரும். எந்த வரிசையின் இடத்தை எந்த வரிசையோடு ஒப்பிடுகிறோம் என்று கவனிக்க வேண்டும். இந்த ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவர் பொது ரேங்க்கை மட்டும் பார்த்து மனம் தளர்ந்து, விருப்பப் பட்டியலில் நல்ல கல்லூரிகளை எழுதாமலே விட்டுவிடக் கூடாது. விருப்பப்பட்டதை மேலே எழுதுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. உங்கள் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து எது காலியோ அதைத்தான் தருகிறார்கள்.

இன்னொரு எண்ணைச் சொல்லாமல் இந்தப் பேச்சை என்னால் முடிக்க முடியாது. 2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தார். பழைய முறைப்படி மருத்துவக் கட்ஆஃப் 196.75. அதே ஆண்டு நீட்டில் அவருக்குக் கிடைத்தது 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடினார். அந்தச் செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம்.

ஒரே பெண்ணைப் பற்றிய இரண்டு எண்கள், சில வார இடைவெளியில். அன்று தொலைக்காட்சியில் பேசியவர்கள் இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்பது போலப் பேசினார்கள். இரண்டும் உண்மை. 1,176 என்பது மாநிலப் பாடத்திட்டத்தை இரண்டு ஆண்டு ஊன்றிப் படித்து எழுதியதற்கான விடை. 86 என்பது வேறு பாடத்திட்டத்தை ஒட்டிய 180 கேள்விகளை, தவறுக்குத் தண்டனை உண்டு என்ற விதியோடு, மூன்று மணி நேரத்தில், பயிற்சி மையத்துக்குப் போகாத ஒருவர் எதிர்கொண்டதற்கான விடை. தேர்வை மாற்றியவர்கள் பிள்ளைகளுக்குப் பழக நேரம் தரவில்லை. மறு ஆண்டு, 2018இல், தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழை என்று வழக்கு வந்து, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. சட்டத்தின் முடிவு எதுவானாலும், கேள்வியே தவறாகக் கேட்கப்பட்ட இடத்தில் விடையை வைத்துப் பிள்ளையை எடைபோடுவதை ஒரு புள்ளியியல்காரனாக என்னால் ஏற்க முடியவில்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கை, நீட்டுக்குப் பிறகு தமிழ்வழியில் படித்தவர்களின் பங்கு மருத்துவக் கல்லூரிகளில் எப்படிச் சரிந்தது என்று எண்ணிக்கையோடு காட்டுகிறது. ஆசிரியர்கள் அதைப் படிக்க வேண்டும்.

2017 முதல் பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. பிளக்ஸ் பேனர்கள் இன்னும் நிற்கவில்லை என்பது வேறு.

பெரியவர்களுக்கான எண் ஒன்றையும் தொட்டுவிடுகிறேன். சிபில் ஸ்கோர் 300க்கும் 900க்கும் இடையில் இருக்கும். கேள்வி கேட்பவர் கடன் கொடுப்பவர்: இவர் தவணையைத் தவறவிடும் வாய்ப்பு எவ்வளவு? இது நடந்து முடிந்ததை அளப்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் வரப்போவதைப் பற்றிய கணிப்பு. உங்கள் சம்பளம் அதில் இல்லை. வங்கியில் போட்டு வைத்திருக்கும் டெபாசிட் இல்லை. பத்து வருடம் தவறாமல் கட்டிய ஏலச்சீட்டு இல்லை. கடனே வாங்காமல் கண்ணியமாக வாழ்ந்தவருக்கு ஸ்கோரே இருக்காது. மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவர் கட்டாமல் விட்டால், அது உங்கள் அறிக்கையில் வந்து நிற்கும். 640 என்று ஒரு தாளில் வந்ததற்காகத் தன்னை நாணயமற்றவன் என்று எண்ணிக் குன்றிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். நாணயத்தை அளக்க அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஏ.சி. பெட்டியில் உள்ள நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றுக்கு வருடம் உண்டு. 4.5 என்ற திறன் அளவோடு 2020இல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஏ.சி., 2022 ஜூலையில் வரம்பு 5.0 ஆக உயர்ந்தபோது நான்கு நட்சத்திரமாகிவிட்டது. இயந்திரம் அதேதான். பழைய ஸ்டாக் வாங்குபவர்கள் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அச்சிட்ட காலத்தைப் படியுங்கள்.

நன்றாகக் கட்டப்பட்ட எண்ணும் உண்டு. காற்றுத் தரக் குறியீட்டில் பல மாசுகளையும் தனித்தனியே அளந்து, சராசரி எடுக்காமல், எது மிக மோசமோ அதையே ஊரின் எண்ணாக அறிவிக்கிறார்கள். சராசரி எடுத்தால் ஒரு மாசு கழுத்தை நெரிக்கும்போது மற்றவை அதை மறைத்துவிடும். போகி விடியலில் புகையால் விமானங்கள் தாமதமான 2018ஆம் ஆண்டு, விமான நிலையச் சுவரை ஒட்டி வாழும் நமக்கு மறந்திருக்காது. நமக்குப் பக்கத்து நிலையம் ஆலந்தூரில் இருக்கிறது. வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருந்தால் காலையில் அந்த எண்ணைப் பாருங்கள். மூச்சுக்காகவே கேட்கப்பட்ட கேள்வி அது.

எண்ணைக் கட்டியவரிடம் “பிரித்துக் காட்டு” என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தன் விடைத்தாளைப் பார்ப்பது தேர்வு எழுதியவரின் உரிமை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்து நீங்கள் புகார் செய்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் விதி இது.

பிளஸ் டூ பெற்றோர்களுக்குக் கடைசியாக ஒன்று. முடிவு வந்ததும் மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்கள்தான் பிறகு மறுமதிப்பீடு கேட்க முடியும், விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாள்களும் சிலவே. நகல் கையில் வந்ததும் பாட ஆசிரியரை உட்காரவைத்து, விடைக்குறிப்போடு ஒவ்வொரு கேள்வியாக ஒப்பிடுங்கள். கூட்டலையும் நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். உதவி வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.